3-9×40: ஸ்கோப் பெட்டியில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவின் விஸ்கான்சினில் நவம்பர் மூன்றாம் வாரம் நெருங்கினால் ஊரே ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிடும். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி மான்வேட்டை தொடங்கும். மொத்தம் ஒன்பது நாள். பெட்ரோல் பங்க், காபிக் கடை, மளிகைக் கடை என்று எங்கு திரும்பினாலும் பளீரென்ற ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆட்கள். ஒரு வேட்டைக்காரர் இன்னொருவரை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சட்டமே கேட்கும் நிறம் அது.

எனக்குத் துப்பாக்கியும் இல்லை, வேட்டையில் நாட்டமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபதை ஒட்டிய வயது. அவருடைய துப்பாக்கி மேல் மாட்டியிருந்த பழைய ஸ்கோப்புக்குள், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக்குள், ஈரம் புகுந்து கண்ணாடி மங்கிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பது, ஐம்பது ஸ்கோப்புகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் அட்டையிலும் எண்கள்: 3-9×40, 4-12×50, 6-24×50, 1-6×24. என் கண் நேராகப் போனது 6-24 என்று போட்டிருந்ததன் மேல். பெரிய எண்தானே நல்ல சாமான்? அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த வாரம் முழுக்கத் தேவைப்பட்டது.

முதலில் எண்கள். 3-9×40 என்றால், வளையத்தைத் திருகி 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கலாம். முன்பக்கத்து லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர். 4×32 என்று ஒற்றை எண் இருந்தால் அது மாறாத 4 மடங்கு. அவ்வளவுதான். பெருக்கல் குறிக்கு முன்னால் பெரிதாக்கம், பின்னால் லென்ஸின் அகலம். வாங்குபவர்களின் குழப்பத்தில் முக்கால்வாசி இந்த இரண்டும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பது தெரியாததால் வருவதுதான்.

மடங்கு என்பதற்குச் சுலபமான பொருள், தூரத்தை அந்த எண்ணால் வகுப்பது. 300 கஜத்தில் நிற்கும் மானை 9 மடங்கில் பார்த்தால், வெறுங்கண்ணால் 33 கஜத்தில் பார்ப்பது போல இருக்கும். 100 கஜத்தில் நிற்பதை 4 மடங்கில் பார்த்தால் 25 கஜம். வெள்ளைவால் மானின் நெஞ்சுப் பகுதியில் குறி வைக்க வேண்டிய இடம் சுமார் 8 அங்குல அகலம் என்று வேட்டைக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். டிபன் தட்டு அளவு. 25 கஜத் தூரத்தில் வைத்த டிபன் தட்டு நம் கண்ணுக்குத் தெரியாதா என்ன? விஸ்கான்சின் காடுகளில் பல மான்கள் 100 கஜத்துக்குள்தான் சுடப்படுகின்றன. மரங்கள் அதற்கு மேல் பார்க்க விடாது. அப்படியிருக்க 24 மடங்கு எதற்கு?

போர்க்களத்துக் கணக்கும் இதையே சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஸ்னைப்பர்களின் மோசின் துப்பாக்கிகளில் இருந்த பியு ஸ்கோப் வெறும் 3.5 மடங்கு. பிரிட்டிஷ் படையின் நம்பர் 32 ஸ்கோப் 3 மடங்கு. அமெரிக்கத் தரைப்படையின் எம்1903ஏ4 துப்பாக்கியில் பொருத்தியது கடையில் விற்ற வீவர் கம்பெனியின் வேட்டை ஸ்கோப். சுமார் இரண்டரை மடங்கு. வியட்நாமில் 1966 முதல் அமெரிக்க மரைன்கள் பயன்படுத்திய எம்40 துப்பாக்கியில் ரெட்ஃபீல்டு 3-9 இருந்தது. இன்று கடைக்காரர்கள் தொடக்கக்காரர்களுக்கானது என்று தள்ளிவைக்கும் அதே 3-9. பின்லாந்தின் ஸ்னைப்பர் சிமோ ஹாய்ஹாவோ 1939-40 குளிர்காலப் போரில் ஸ்கோப்பே வைத்துக்கொள்ளவில்லை. ஸ்கோப் வைத்தால் தலையைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்க வேண்டும், கடுங்குளிரில் கண்ணாடியைப் பனி மூடிக்கொள்ளும், வெயில் பட்டால் மின்னிக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

சரி, வளையத்தைத் திருகிக் குறைத்துக்கொள்ளலாமே, அதிகமாக இருந்தால் என்ன கெட்டுவிடும்? நானும் கடையில் இதைத்தான் கேட்டேன். பெரியவர் ஒரு 6-24ஐ என் கையில் கொடுத்து, கடையின் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த மான் தலையைத் தேடச் சொன்னார். தேடினேன். கூரைப் பலகை, விளக்கு, யாருடைய தொப்பியோ, மறுபடியும் கூரை. தலை எங்கே என்றே தெரியவில்லை. கடைசியில் கிடைத்தது, பழுப்பாக ஏதோ ஒரு மங்கல். அது மூக்கா காதா என்று சொல்ல முடியவில்லை. அந்த ஸ்கோப் 6 மடங்குக்குக் கீழே இறங்காது.

பெரிதாக்கப் பெரிதாக்கப் பார்வைப் பரப்பு சுருங்கும். சாதாரண 3-9×40 ஒன்றில் 3 மடங்கில் பார்த்தால் 100 கஜத்தில் சுமார் 33 அடி அகலம் தெரியும். 9 மடங்கில் சுமார் 14 அடிதான். இதையே 30 கஜத்துக்குக் கொண்டுவாருங்கள். 9 மடங்கில் தெரியும் அகலம் நாலடிச் சொச்சம். மானின் உடல் நீளமே ஐந்தடிக்கு வரும். புதரிலிருந்து திடீரென்று வெளிவந்த மானை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கினால், வட்டம் முழுக்க ரோமம். தோளா, தொடையா, பின்னால் நிற்கும் இன்னொரு மானா, எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்க மான் காத்திருக்காது. அதனால்தான் ஸ்கோப் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இடப்பக்கத்து எண் என்று நான் சொல்வேன். அதிகபட்சம் எவ்வளவு என்பதைவிட, குறைந்தபட்சம் எவ்வளவு வரை இறங்கும் என்பதுதான் காட்டில் காரியத்துக்கு உதவும்.

கூடவே ஆட்டமும் பெரிதாகும். துப்பாக்கியைத் தோளில் வைத்து நின்றபடி 12 மடங்கில் பார்த்தால் நம் நாடித்துடிப்பே குறிபார்க்கும் குறுக்குக்கம்பியில் குதிப்பது தெரியும். கை எப்போதும் ஆடிய அளவுதான் ஆடுகிறது. இப்போது அதைப் பார்க்கிறோம், பார்த்ததும் பதறி விசையைச் சட்டென்று இழுக்கிறோம். வெயில் நேரத்தில் இன்னொரு தொல்லை. தரையிலிருந்து எழும் சூடான காற்று குறியை நெளிய வைக்கும், கானல் போல. 20 மடங்குக்கு மேல் போனால் 500 கஜத்தில் இருக்கும் இலக்குத் தாள் தண்ணீருக்குள் கிடப்பதைப் போல அலையும். நீண்டதூரப் போட்டிக்காரர்களே மதியத்தில் மடங்கைக் குறைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

தூரத்தில் இருப்பதைத் தேடிப் பார்க்க மடங்கு வேண்டாமா என்றால், அதற்குப் பைனாகுலர் இருக்கிறது. இது வசதிக்காக மட்டும் சொல்லும் யோசனை கிடையாது. ஸ்கோப் வழியாக எதைப் பார்க்கிறோமோ அதை நோக்கியே துப்பாக்கியின் வாய் நீட்டிக்கொண்டிருக்கும். புதர் அசைவது மானா மனிதரா என்று ஸ்கோப்பில் பார்த்துத் தெரிந்துகொள்வது, ஒரு மனிதரைக் குறிபார்ப்பதற்குச் சமம். வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளில் முதலில் அடித்துச் சொல்லும் பாடங்களில் இதுவும் ஒன்று.

இனி வலப்பக்கத்து எண். லென்ஸ் பெரிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் வரும் என்று எல்லோரும் சொல்கிறோம். பாதி உண்மை. வேட்டைக்கு இது ஏன் முக்கியம் என்றால், மான்கள் நடமாடுவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பிருந்தே சுட அனுமதி உண்டு. அந்த அரை வெளிச்சத்தில்தான் ஒரு ஸ்கோப்பின் தரம் தெரியவரும்.

பெரியவர் எனக்குக் காட்டிய சோதனையை நீங்களும் எந்தக் கடையிலும், ஏன், ஒரு பைனாகுலரை வைத்து வீட்டிலும்கூடச் செய்யலாம். கருவியைக் கண்ணில் ஒட்டிக்கொள்ளாமல், கையை நீட்டி முன்னால் பிடித்துக்கொண்டு, வெளிச்சமான ஜன்னலை நோக்கித் திருப்புங்கள். பின்பக்க லென்ஸின் நடுவே காற்றில் மிதப்பது போல ஒரு சின்ன வெள்ளை வட்டம் தெரியும். கருவி நம் கண்ணுக்கு அனுப்பும் ஒளிக்கற்றை அதுதான். இப்போது ஸ்கோப்பின் வளையத்தைத் திருகுங்கள். மடங்கு ஏற ஏற, வட்டம் பொட்டுக்கடலை அளவுக்குச் சிறுத்துக்கொண்டே போகும்.

அதன் அளவைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும்: லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுக்க வேண்டும். 40 மி.மீ. லென்ஸில் 9 மடங்கு என்றால் 4.4 மி.மீ. 6 மடங்கில் 6.7. 4 மடங்கில் 10. கணக்குப்படி 3 மடங்கில் 13 வரும். ஸ்கோப்பின் குழாய்க்குள் இருக்கும் தடுப்புகளால் நிஜத்தில் அதைவிடக் குறையலாம். இப்போது நம் கண்ணுக்கு வருவோம். நல்ல வெயிலில் கண்மணி 2 அல்லது 3 மி.மீ.க்குத்தான் திறந்திருக்கும். இருட்டில் இளவயதுக்காரர்களுக்கு 7 வரை விரியும். ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு 5 மி.மீ.யோடு நின்றுவிடும். கண்மணியைவிடப் பெரிய ஒளிவட்டம் வந்தால் மிச்சம் கருவிழியில் பட்டு வீணாகப் போகும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு கடை அலமாரியே வேறு மாதிரித் தெரிந்தது. 50 மி.மீ. லென்ஸ் 40-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஒளியைச் சேகரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் 4 மடங்கில் வைத்துப் பார்க்கும் எழுபது வயதுக்காரரின் கண்ணுக்கு 40 மி.மீ. லென்ஸே தேவைக்கு இரண்டு பங்கு தருகிறது. கூடுதல் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் ஒளி கண்ணுக்குள் போகவே போகாது. மறுபக்கம் 6-24×50ஐ 24 மடங்கில் வைத்தால் ஒளிவட்டம் 2 மி.மீ.தான். பகலில் சமாளிக்கும்; அந்தியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பது போல இருக்கும். கண்ணைச் சரியாக நடுவில் வைக்காவிட்டால் ஓரம் கறுத்துப் படமே மறைந்துவிடும்.

பெரிய லென்ஸுக்கு நியாயமான இடம் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் இரவில் மானைச் சுடச் சட்டம் அனுமதிக்காது. காட்டுப்பன்றிக்கு மட்டும் விலக்கு. பயிரைக் கிளறிப் பாழாக்கும் பன்றிக்காக வயலோரத்து உயரமான மர மேடையில் நிலா வெளிச்சத்தில் மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். அவர்களுடைய பழைய துணை 8×56. வகுத்துப் பாருங்கள், சரியாக 7 மி.மீ. இருட்டில் முழுதாக விரிந்த இளங்கண்ணுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. கப்பல்காரர்களின் 7×50 பைனாகுலரும் இதே கணக்குதான். அதே ஜெர்மானியர்கள் ஆட்களும் நாய்களுமாகக் காட்டைக் கலைத்துப் பன்றிகளை ஓடவிடும் வேட்டைக்குப் போகும்போது, அந்த 56ஐ வீட்டில் வைத்துவிட்டு 1-6×24 போன்ற ஒல்லியான ஸ்கோப்போடு போவார்கள். முப்பது, நாற்பது மீட்டரில் குறுக்கே பாயும் பன்றியை இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு சுட வேண்டும். ஒரே ஆள், ஒரே விலங்கு, இரண்டு ஸ்கோப்.

லென்ஸின் அகலத்தைவிட அதன் மேல் இருக்கும் பூச்சு பெரிய விஷயம் என்பது என் கட்சி. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். ஸ்கோப்புக்குள் எட்டு லென்ஸ் இருந்தால் பதினாறு பரப்பு. கடைசியில் கண்ணுக்கு வருவது பாதிதான். ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-இல் எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய நல்ல ஸ்கோப்புகள் பல அடுக்குப் பூச்சால் 90 சதவீதம் அளவுக்கு ஒளியைக் கடத்துகின்றன. மலிவான 50 மி.மீ.யைவிட நல்ல பூச்சுள்ள 36 மி.மீ. அந்தியில் தெளிவாகக் காட்டும். ஆனால் பெட்டியின் மேல் பூச்சைப் பற்றி எழுதியிருப்பது பொடி எழுத்தில், 50 மட்டும் கொட்டை எழுத்தில்.

பெரிய லென்ஸுக்கு வேறொரு விலையும் உண்டு. துப்பாக்கிக் குழல் மேல் இடிக்காமல் இருக்க ஸ்கோப்பை உயர்த்திப் பொருத்த வேண்டும். உயர்த்தினால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாது. கோழி போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். எடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 3-9×40 நானூறு கிராம் சுமாருக்கு இருக்கும். 5-25×56 ஒரு கிலோவை நெருங்கும், சில தாண்டவும் செய்யும். மேசையில் வைத்துச் சுடுகிறவருக்குப் பரவாயில்லை. பனியில் நாள் முழுக்கத் தூக்கி நடப்பவருக்கு அது சுமை.

ஸ்கோப் குழாயின் தடிமனைப் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. அமெரிக்காவில் பழைய அளவு ஓர் அங்குலம், ஐரோப்பாவில் 30 மி.மீ. தடித்த குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று கடைக்காரர்களே சொல்வார்கள். தராது. உள்ளே லென்ஸ் தொகுதி மேலும் கீழும் நகரக் கூடுதல் இடம் கிடைக்கும். தொலைதூரத்துக்குக் குறியை ஏற்றிவைக்க அது உதவும். வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகம் நினைவிருக்கிறதா? நிறமாலைமானியின் தொலைநோக்கியில் கண்ணை இடமும் வலமும் ஆட்டினால் குறுக்குக்கம்பி பிம்பத்தின் மேல் நகரும். இடமாறு தோற்றப்பிழை என்று ஆசிரியர் திட்டிக்கொண்டே திருகைச் சரிசெய்வார். ஸ்கோப்பிலும் அதே பிழைதான். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கஜத்தில் பிழை இல்லாதபடி தொழிற்சாலையிலேயே அமைத்துவிடுவார்கள். அதை வாங்கி ஏர் ரைஃபிளில் மாட்டிப் பதினைந்து கஜத்தில் பார்த்தால் படம் மங்கும், குறியும் கண் அசைவுக்கு ஏற்ப நகரும். மடங்கைக் கூட்டினால் இன்னும் மோசம். ஏர் ரைஃபிளுக்கு வாங்குகிறவர்கள் பத்து, பதினைந்து கஜம் வரை குவியம் இறங்கும் ஸ்கோப்பாகப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிள் முன்னும் பின்னுமாக இரண்டு திசையிலும் உதறும். பெரிய வேட்டைத் துப்பாக்கியின் உதையைத் தாங்கிய ஸ்கோப்கூட அதில் உள்ளே கழன்றுவிடுவது உண்டு. நம் ஊரில் ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருந்தால் காசு மிச்சம். வேட்டைக்கு அங்கே இடமில்லை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதை முடித்துவைத்துவிட்டது. தாளில் சுடுவதற்குத்தான் சொல்கிறேன்.

தாள் என்றதும் இன்னொன்று. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போட்டியிடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். அங்கே ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. சின்ன ஓட்டை வழியாக முன்னால் இருக்கும் வளையத்தைப் பார்த்துத்தான் அந்தப் புள்ளியை அடிக்கிறார்கள்.

கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் இடையே விட வேண்டிய தூரத்தைக் கடைகளில் ஐ ரிலீஃப் என்பார்கள். மூன்றரை அங்குலமாவது வேண்டும். உயர்ந்த மடங்கில் சில ஸ்கோப்புகளில் இது சுருங்கும். ஆள் தன்னை அறியாமல் முகத்தை நெருக்கி வைப்பார், துப்பாக்கி உதைக்கும், புருவத்துக்கு மேல் பிறை வடிவில் ஒரு வெட்டு விழும். ஊரில் நான்கு பேருக்காவது அந்தத் தழும்பு இருக்கிறது என்றார் பெரியவர். தன்னுடையதையும் தொட்டுக் காட்டினார்.

குறுக்குக்கம்பியின் இடமும் மடங்கோடு சேர்ந்த சங்கதிதான். அமெரிக்க வேட்டை ஸ்கோப்புகளில் பெரும்பாலும் மடங்கை மாற்றினாலும் கம்பியின் தடிமன் மாறாது. ஆனால் கம்பியில் இருக்கும் அளவுக் கோடுகள் ஒரு குறிப்பிட்ட மடங்கில், வழக்கமாக உச்ச மடங்கில், மட்டுமே சரியாக இருக்கும். இன்னொரு வகையில் கம்பியும் படத்தோடு சேர்ந்து வளரும். கோடுகள் எல்லா மடங்கிலும் சரி, ஆனால் தாழ்ந்த மடங்கில் கம்பி நூலாக இளைத்து அந்தியில் காணாமல் போகும். கோடுகளை எண்ணித் தூரத்துக்குச் சுடுகிறவருக்கு இரண்டாவது வகை. காட்டுக்குள் நிற்கிறவருக்கு முதலாவது.

அப்படியானால் எதை வாங்குவது? அடர்ந்த காடு என்றால் 1-4, 1-6, 2-7 இவற்றில் ஒன்று, 24 முதல் 33 மி.மீ. லென்ஸோடு. காடும் வயலும் கலந்த இடம் என்றால் 3-9×40. அது இவ்வளவு காலம் விற்றுக்கொண்டிருப்பது சும்மா இல்லை. வயோமிங் மாதிரி கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி, 300 கஜத்தில் பிராங்ஹார்ன் மான் என்றால் 4-12 வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போவது ஒரு கிலோமீட்டரில் இரும்புத் தகட்டைத் தட்டும் போட்டிக்காரர்களின் உலகம். அங்கே 5-25×56 வேண்டும், முக்காலியும் மேசையும் பொறுமையும் கூடவே வேண்டும்.

நீர் புகாத ஸ்கோப்பா என்று பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆரிகனில் நில அளவைக் கருவி செய்துகொண்டிருந்த குடும்பத்தைச் சேர்ந்த மார்கஸ் லூபோல்ட், ஸ்கோப்புக்குள் பனி மூடியதால் மானைத் தவறவிட்ட ஆத்திரத்தில்தான் சொந்தமாக ஸ்கோப் செய்யத் தொடங்கினார் என்று லூபோல்ட் கம்பெனி இன்றும் சொல்லும். அவர்களுடைய முதல் ஸ்கோப் 1947-இல் வந்தது. குழாய்க்குள் ஈரக் காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பி அடைக்கும் முறை அப்புறம் எல்லோருக்கும் பரவியது.

பெரியவர் வாங்கியது 3-9×40. பருவத்தின் இரண்டாம் நாள் காலை அவருக்கு ஒரு மான் கிடைத்தது, அறுபது கஜத்தில். எத்தனை மடங்கில் வைத்துச் சுட்டீர்கள் என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. வண்டியின் பின்புறம் போய்த் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வளையத்தைப் பார்த்துத்தான் சொன்னார்: நான்கு.